சேர்க்கைப் பதிவேடும் வருகைப் பதிவேடும்



தீபாவளிக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பதிவு எழுதவில்லை. "டீச்சர், உடம்புக்கு முடியலையா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. முட்டிவலி மட்டும் பழைய சிநேகிதி மாதிரி கூடவே இருக்கிறது. நான் ஒரு பாடம் படித்துக்கொண்டிருந்தேன். அறுபத்து மூன்று வயதில் நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்துப் படித்த பாடம். கைப்பேசியில் போட்டோ எடுக்க, வீடியோ எடுக்க, அழகுபடுத்த என்று இருக்கிற செயலிகள் எப்படி வளர்கின்றன, எப்படி விழுகின்றன என்பதுதான் அந்தப் பாடம். சிரிக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், இனிப்புப் பெட்டியோடு ஒரு மாணவன் வீட்டுக்கு வந்தான். பெயர் சொல்ல மாட்டேன். உங்களில் பலருக்கு அவனைத் தெரியும். இதை எழுதலாமா என்று கேட்டேன், "பேரைப் போடாம எழுதுங்க டீச்சர்" என்றான். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை என்னிடம் படித்தவன். கணக்கில் சூரன். வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வான். பொறியியல் படித்து, கோயம்புத்தூரில் எட்டு வருடம் நல்ல வேலையில் இருந்தான். வேலையை விட்டுவிட்டு இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு செயலி செய்திருக்கிறான். போட்டோவுக்குத் தமிழ் எழுத்து போடலாம், கோயில் திருவிழா சட்டகம் வைக்கலாம், பாட்டோடு சேர்த்து வாழ்த்து வீடியோ ஆக்கலாம். என் கைப்பேசியிலும் ஏற்றிக் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது.

பிறகு மடிக்கணினியைத் திறந்தான். ஒரு வரைபடம். கோடு கீழ் மூலையில் தொடங்கி மேல் மூலைக்கு ஏறியது.

"டீச்சர், மூணு மாசத்துல ஒரு லட்சத்து இருபதாயிரம் டவுன்லோடு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து அவன் கேட்டதுதான் என்னைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைத்தது. என் பணிக்கொடைப் பணத்தில் ஐந்து லட்சம் போடச் சொன்னான். இரண்டு வருடத்தில் இரு மடங்கு. "பேங்க்ல சும்மாதானே டீச்சர் கிடக்குது?"

அந்தப் பணம் சும்மா கிடக்கவில்லை. முட்டி அறுவை சிகிச்சைக்கும், என் பெண்ணுக்கு ஓர் அவசரம் என்றால் கொடுக்கவும் வைத்திருப்பது. ஆனால் நான் வளர்த்த பிள்ளை கேட்கிறான். முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல மனம் வரவில்லை. சரி என்று சொல்லவும் பயம். "ஒரு மாசம் டைம் குடுப்பா. நான் கொஞ்சம் படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அவன் போன பிறகு அந்த வரைபடமே கண்ணில் நின்றது. என்னவோ இடித்தது. ராத்திரி படுக்கும்போதுதான் பிடிபட்டது. அந்தக் கோடு ஏறத்தான் செய்யும், இறங்கவே இறங்காது! முதல் நாளிலிருந்து இன்று வரை இறக்கியவர்களின் மொத்தக் கூட்டல் அது. நேற்று வந்தவன் இன்று போய்விட்டாலும் கூட்டலில் இருப்பான்.

நம் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு அப்படித்தானே? முதல் பிள்ளைக்கு ஒன்று என்று எண் போட்டுத் தொடங்கியது. நான் ஓய்வு பெற்ற 2022இல் சேர்க்கை எண் மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. அந்த வருடம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் முப்பத்தெட்டு. சேர்க்கை எண்ணை மட்டும் பார்த்தால் நம் பள்ளி வருடா வருடம் வளர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. வருகைப் பதிவேட்டைத் திறந்தால்தான் உண்மை தெரியும்.

மறுநாள் காலையில் நோட்டு வாங்கினேன். திருச்சியில் கல்லூரியில் படிக்கிற என் பேத்தி, ஆங்கிலத்தில் இருப்பதைப் போனிலேயே படித்து விளக்குவாள். நான் எழுதிக்கொள்வேன். அந்த நோட்டிலிருந்து சிலதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் கோடாக். நம் காலத்தில் பிலிம் சுருள் என்றால் அந்த மஞ்சள் பெட்டிதான் நினைவுக்கு வரும். ஒரு சுருளில் 36 படம். வருடத்துக்கு ஒருமுறை வகுப்பு போட்டோ எடுக்கப் போட்டோக்காரர் வந்தால், தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவிக்கொண்டு நிற்பீர்களே. உலகத்தின் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தது அந்தக் கோடாக் கம்பெனியின் பொறியாளர்தான். ஸ்டீவ் சாசன் என்று பெயர். 1975ஆம் ஆண்டு. மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி ஆகுமாம். பிலிம் விற்றுப் பிழைத்த கம்பெனி, பிலிம் இல்லாத கேமராவை முன்னால் தள்ளத் தயங்கியது. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

அதே 2012 ஏப்ரலில், இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. அப்போது இன்ஸ்டாகிராமில் வேலை பார்த்தவர்கள் 13 பேர். செயலி வெளிவந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. நம் மாணவன் போன்றவர்கள் தூங்காமல் கனவு காண்பது இந்தக் கதையைப் பார்த்துத்தான்.

ஆனால் அந்தக் கதையின் முன்பாதியை யாரும் அதிகம் சொல்வதில்லை. கெவின் சிஸ்ட்ரம், மைக் கிரீகர் என்ற அந்த இருவரும் முதலில் செய்தது போட்டோ செயலியே இல்லை. பர்ப்ன் என்று ஒன்று. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன்" என்று நண்பர்களுக்குச் சொல்வது, திட்டம் போடுவது, படம் போடுவது என்று பத்து வேலை அதில் இருந்தது. பெரிதாக ஓடவில்லை. இருந்த கொஞ்சம் பேரும் அதில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். எல்லோரும் படம் போடும் வேலையை மட்டும் விரும்பிச் செய்துகொண்டிருந்தார்கள். மற்றதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, 2010 அக்டோபரில் புதிய பெயரில் வெளியிட்டார்கள். இந்த இடத்தில் நோட்டில் இரண்டு கோடு போட்டு வைத்தேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது, வகுப்பில் முதல் ரேங்க் வாங்கியவர்கள் கதை. ஆப்பிள் நிறுவனம் ஒவ்வொரு வருடமும் ஐபோனுக்கான சிறந்த செயலி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. 2010இல் ஹிப்ஸ்டமாட்டிக், 2011இல் இன்ஸ்டாகிராம், 2016இல் பிரிஸ்மா, 2022இல் பிரியல். நான்குமே படம் சம்பந்தப்பட்டவை. இவற்றில் இன்ஸ்டாகிராமைத் தவிர எதையாவது உங்கள் கைப்பேசியில் வைத்திருக்கிறீர்களா? பிரிஸ்மா உங்களுக்கு நினைவிருக்கலாம். போட்டோவை ஓவியம் மாதிரி ஆக்குமே. அந்த 2016இல் ஊரே முகப்புப் படத்தை மாற்றியது. பல பேருக்கு நாலு படம் மாற்றியதும் ஆசை தீர்ந்துவிட்டது. பிரியல் ஒரு நாளைக்கு ஒருமுறை மணி அடிக்கும், உடனே இருக்கிற கோலத்தில் படம் எடுத்துப் போட வேண்டும். பிள்ளைகள் கொண்டாடினார்கள். 2024இல் ஒரு பிரெஞ்சு விளையாட்டுக் கம்பெனிக்கு 50 கோடி யூரோவுக்கு விற்றுவிட்டார்கள்.

வைன் என்று ஒன்று இருந்தது. ஆறே விநாடி வீடியோ. 2013 ஜனவரியில் டிவிட்டர் வெளியிட்டது. அமெரிக்காவில் அப்படி ஓடியது. அதே ஜூனில் இன்ஸ்டாகிராம் 15 விநாடி வீடியோ கொண்டுவந்தது. வைனில் பேர் வாங்கியவர்கள், சம்பாதிக்க வழி தெரியும் இடங்களுக்கு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். 2016 அக்டோபரில் மூடப்போவதாக அறிவிப்பு. 2017 ஜனவரியில் கதை முடிந்தது. நாலு வருடம். ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து நாலாம் வகுப்பு முடிக்கிற நேரம்.

ஸ்நாப்சாட் முடியவில்லை, இன்னும் இருக்கிறது. 24 மணி நேரத்தில் மறையும் 'ஸ்டோரி'யை 2013இல் கொண்டுவந்தது அதுதான். 2016 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராமும் அதே பெயரிலேயே கொண்டுவந்தது. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிவிட்டு, "ஆமாம், அவனைப் பார்த்துத்தான் எழுதினேன்" என்று ஒப்புக்கொண்டும் விட்டார்கள். ஸ்நாப் நிறுவனம் 2017 மார்ச்சில் 17 டாலருக்குப் பங்கு வெளியிட்டது. 2021இல் அது 80 டாலரைத் தாண்டியது. 2022இல் 10 டாலருக்கும் கீழே வந்தது. பேத்தி இதைப் படித்துச் சொன்னபோது, ஐந்து லட்சம் என்ற எண்ணிக்கையை நினைத்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். 2016 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, ஜியோ வந்தது. அந்த வருடம் நீங்கள் வாழ்த்துச் சொன்னது பாதிப் பேர் புது எண்ணிலிருந்து என்பது எனக்கு நினைவிருக்கிறது. அதுவரை மாதம் ஒரு ஜிபியை எண்ணெய் மாதிரி சொட்டுச் சொட்டாகச் செலவழித்த நாம், வீடியோவில் குளிக்க ஆரம்பித்தோம். அந்த வெள்ளத்தில்தான் டிக்டாக் ஏறி வந்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தரவிறக்கத் தடை விதிக்கச் சொன்னது. அந்த மாதமே தடை நீங்கியது. அடுத்த வருடம், 2020 ஜூன் 29 அன்று, எல்லைப் பிரச்சினையின் சூட்டில் மத்திய அரசு 59 சீனச் செயலிகளுக்குத் தடை போட்டது. டிக்டாக், ஹலோ, லைக்கீ, பியூட்டி பிளஸ், விவா வீடியோ, பாடத் தாள்களை நாங்கள் படம் பிடித்து அனுப்பிய கேம் ஸ்கேனர் எல்லாம் அதில் அடக்கம். லட்சக்கணக்கான பின்தொடர்பாளர்களை வைத்திருந்தவர்கள் விடிந்து எழுந்தபோது வெறுங்கையோடு நின்றார்கள்.

காலியான இடத்தைப் பிடிக்க எத்தனை பேர்! மோஜ், ஜோஷ், டகாடக், ரோபோசோ, சிங்காரி. உள்நாட்டுச் செயலிகளுக்கு இதைவிட நல்ல நேரம் வராது என்றார்கள். பத்தே நாளில், 2020 ஜூலை 8 அன்று, இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைத் திறந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதன்முதலில் இந்தியாவில்தான் சோதித்தது. இன்று நாம் எதைப் பார்த்துக்கொண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறோம் என்று நீங்களே சொல்லுங்கள். டகாடக் 2022இல் மோஜோடு சேர்ந்துவிட்டது. கூட்டம் ஏற்கெனவே கூடியிருக்கிற வீட்டில் ஒரு புதுத் திண்ணை கட்டினால், பக்கத்துத் தெருவில் புது வீடே கட்டியவனிடம் யார் போவார்கள்?

நோட்டில் கடைசிப் பகுதி, காசு. ஆப்களை இறக்குவதில் உலகத்தில் முன்வரிசை நாம். காசு கட்டச் சொன்னால் கடைசி வரிசைக்கு ஓடிவிடுவோம். அப்படியானால் விளம்பரம்தான் வருமானம். அதில் நம் மதிப்பு என்ன? 2023இன் கடைசி மூன்று மாதத்தில் ஃபேஸ்புக்குக்கு அமெரிக்க, கனடாப் பயனர் ஒருவரால் சராசரியாகக் கிடைத்தது 68 டாலர் சொச்சம். ஆசிய பசிபிக் பகுதியில் ஒருவரால் கிடைத்தது ஐந்தரை டாலர். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே நம் பக்கத்தில் தலைக்கு அவ்வளவுதான். படமும் வீடியோவும் வைக்க இடம் வேண்டும், அதற்கு மாதா மாதம் வாடகை. கூகுள் போட்டோஸ் 2015இல் அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்று தொடங்கியது. 2021 ஜூன் 1 முதல் 15 ஜிபிக்கு மேல் போனால் காசு என்றது. கூகுளுக்கே கட்டவில்லை என்றால் மூன்று பையன்களுக்கு எப்படிக் கட்டும்?

இதற்கெல்லாம் மேலே இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. 2025 மார்ச்சில் எல்லோரும் சாட்ஜிபிடியில் ஜப்பான் கார்ட்டூன் படம் மாதிரி ஆனார்கள். செப்டம்பரில் பெண்கள் எல்லோரும் ஜெமினியில் பழைய சினிமாக் கதாநாயகி மாதிரி சேலை கட்டிக்கொண்டார்கள். என் பேத்தி எனக்கும் ஒன்று செய்து அனுப்பினாள், நான் கூட அழகாகத்தான் இருந்தேன். 2016இல் பிரிஸ்மா ஒரு தனிச் செயலியாக வந்து செய்த வேலையை, இன்று பெரியவர்கள் சும்மா கூடவே கொடுக்கிறார்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதாத ஒரு விஷயம் இருந்தது. அதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

உங்கள் சார் 2019இல் தவறினார் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளி ஆண்டு விழா என்றால் பந்தல் கயிறு கட்டுவதிலிருந்து மைக் செட்காரரோடு சண்டை போடுவது வரை எல்லாம் அவர்தான். என்னை "டீச்சர்" என்றும், அவரை "டீச்சர் வீட்டு சார்" என்றும் கூப்பிடுவீர்கள். அவருக்குக் கைப்பேசி வந்த நாளிலிருந்து படம் எடுப்பதில் பைத்தியம். வாழைக்குலை, ஆட்டுக்குட்டி, நான் கோலம் போடுவது, தூங்கும் பேத்தி என்று எதையும் விட மாட்டார். கைப்பேசியில் இடம் போதாமல், படங்களை வெளியே சேமித்து வைக்கும் ஒரு செயலியைக் கடைக்காரப் பையன் போட்டுக் கொடுத்தான். எந்தச் செயலி என்பது இப்போது வேண்டாம். அதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டுமென்று அவனே உருவாக்கிக் கொடுத்தான். அந்த மின்னஞ்சலை நாங்கள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

அவர் போன பிறகு இரண்டு வருடம் எனக்கு அதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. 2021இல் ஒரு நாள் திறந்தேன். "இந்தச் சேவை நிறுத்தப்பட்டது" என்று ஒரு வரி வந்தது. மாப்பிள்ளை என்னென்னவோ செய்து பார்த்தார். மூடப்போகிறோம், படங்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்களாம். அறுபது நாள் கெடுவும் கொடுத்திருந்தார்களாம். நாங்கள் திறக்காத பெட்டியில் அந்தக் கடிதம் கிடந்திருக்கிறது. ஏறக்குறைய ஐந்நூறு படம். அவர் எடுத்தவையும், என் பேத்தி அவரை எடுத்தவையும். எல்லாம் போயிற்று.

வீட்டுக்கு வந்தவர்கள் கூடத்தில் மாலை போட்டிருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே என்று சிலர் கேட்டதுண்டு. அது என் நாத்தனாருக்கு வாட்ஸப்பில் அனுப்பியது. அனுப்பும்போது சுருங்கிப்போன படத்தைப் பெரிதாக்கியிருக்கிறோம். அந்த ஒன்றுதான் தப்பியது.

அந்தச் செயலியும் யாரோ மூன்று பையன்கள் கனவோடு தொடங்கியதாக இருக்கலாம். அவர்களும் டவுன்லோடு கோடு ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அந்தக் கணக்கில் எங்கள் வீடும் ஒன்று.

ஒரு மாதம் கழித்து அவன் வந்தான். நோட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். முதல் கேள்வி இதுதான்:

"சேர்க்கை ஒரு லட்சத்து இருபதாயிரம் சரி. நேத்து வருகை எவ்வளவு?"

புரியாதவன் மாதிரி பார்த்தான். புரிந்துவிட்டது என்று அவன் காதைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே மாட்டிக்கொண்டால் காது சிவக்கும். மெதுவாகச் சொன்னான். நூறு பேர் இறக்கினால், மறுநாள் திறப்பவர்கள் இருபத்திரண்டு. ஒரு வாரம் கழித்து ஒன்பது. ஒரு மாதம் கழித்து மூன்று. ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் நிலைத்தவர்கள் மூவாயிரத்து அறுநூறு.

"இறக்கினவங்க தானா வந்தாங்களா, கூட்டி வந்தீங்களா?"

முக்கால்வாசி விளம்பரம் கொடுத்துக் கூட்டி வந்தது. தலைக்கு ஐந்து ரூபாய் செலவு. என்னிடம் கேட்ட ஐந்து லட்சமும் இன்னும் ஒரு லட்சம் பேரைக் கூட்டி வரத்தான்.

"ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துறதுக்கு என்கிட்ட குடம் கேக்குற" என்றேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்று பிறகு வருந்தினேன். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. பள்ளியில் பிள்ளை நின்றுவிட்டால் நாம் என்ன செய்வோம்? புதுப் பிள்ளையைச் சேர்த்துக் கணக்கை நேர் செய்துவிட்டுப் பேசாமல் இருப்போமா? வீடு தேடிப் போய் ஏன் வரவில்லை என்று கேட்போம். தினமும் வருகிற பிள்ளை எதற்காக வருகிறது என்றும் பார்ப்போம். சிலது படிக்க வரும், சிலது சத்துணவு முட்டைக்கு வரும், சிலது பக்கத்தில் உட்காரும் சிநேகிதிக்காக வரும். "அந்த மூவாயிரத்து அறுநூறு பேர் யாருப்பா? எதுக்கு வர்றாங்க?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. நோட்டில் இரண்டு கோடு போட்டிருந்த அந்த இன்ஸ்டாகிராம் முன்கதையைக் காட்டினேன். அவனுக்கும் அது தெரிந்த கதைதான். தெரிந்திருந்தும் தன் கதையோடு பொருத்திப் பார்க்கவில்லை.

பணம் தர முடியாது என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். கடைசியாக, கூடத்துப் படத்தைக் காட்டி அந்த ஐந்நூறு படங்களின் கதையைச் சொன்னேன். "நீ நாளைக்குக் கடையை மூடலாம். தப்பில்லை. ஆனா உன்னை நம்பிப் படம் வச்சவங்களுக்கு வெளியே போக ஒரு வாசல் வை. ஒரு பொத்தானை அமுக்கினா எல்லாப் படமும் கைக்கு வந்துடணும். மூடுறதா இருந்தா மின்னஞ்சலோட நிக்காம, போன்லயும் நாலு தடவை சொல்லணும்."

தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். போகும்போது காபிகூடக் குடிக்கவில்லை. அதன் பிறகு ஒன்றரை மாதம் போன் இல்லை. தினமும் அவன் அனுப்பும் காலை வணக்கமும் நின்றுவிட்டது. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஐந்து லட்சம் பெரிதா, பிள்ளை பெரிதா என்று ஒரு மனம் கேட்கும். பொய்யாகத் தட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தால் நீ என்ன டீச்சர் என்று இன்னொரு மனம் கேட்கும். பதிவு எழுதாமல் இருந்ததற்கு உண்மையான காரணம் அதுதான்.

மாட்டுப் பொங்கலன்று வந்தான். கையில் கரும்பு. உட்காரும் முன்பே பேச ஆரம்பித்தான்.

நிலைத்தவர்களில் நூற்றைம்பது பேரைப் போனில் பிடித்துப் பேசியிருக்கிறான். எண்பது பேருக்கு மேல் சின்ன ஊர்களில் ஃபிளெக்ஸ் கடை, ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள். காதுகுத்து, புதுமனை புகுவிழா, மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பும் அழைப்பிதழ் வீடியோ செய்ய இவன் செயலியைப் பயன்படுத்துகிறார்கள். தமிழ் எழுத்து உடையாமல் வருகிறது, தாய்மாமன் படம் வைக்கத் தனி இடம் இருக்கிறது, அதனால் வருகிறார்கள். முகத்தை வெளுப்பாக்கும் வேலையை யாரும் சீண்டவே இல்லை. அதையெல்லாம் தூக்கிவிட்டானாம். விளம்பரத்தை நிறுத்திவிட்டானாம். கடைக்காரர்களுக்கு மாதம் 199 ரூபாய் என்று வைத்ததில் நூற்று நாற்பது பேர் கட்டியிருக்கிறார்கள். நண்பர்களில் ஒருவன் பழைய வேலைக்கே திரும்பிவிட்டான். இவன் பகலில் ஒரு கம்பெனிக்குப் பகுதிநேர வேலை செய்துகொண்டு, ராத்திரியில் இதைப் பார்க்கிறான்.

"நூத்து நாப்பது பேர்தான் டீச்சர்" என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. முன்பு ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று சொன்னவன்.

"மாசம் இருபத்தேழாயிரத்து எண்ணூத்து அறுபது" என்றேன். "பரவாயில்லையே, நான் வேலைக்குச் சேர்ந்தப்ப வாங்கினதைவிட ரொம்ப அதிகம்." சிரித்துவிட்டான். இது நிலைக்குமா என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. பெரிய கம்பெனி ஒன்று நாளைக்குக் காதுகுத்து அழைப்பிதழையும் இலவசமாகக் கொடுக்கலாம். ஆனால் இப்போது அவன் பார்க்கிற கணக்கு சரியான கணக்கு.

பிறகு என் கைப்பேசியை வாங்கி, தன் செயலியைத் திறந்து என்னிடம் நீட்டினான். அடியில் புதிதாக ஒரு பொத்தான். 'என் படங்கள் எல்லாம் எடு' என்று தமிழில் எழுதியிருந்தது. அமுக்கினேன். தீபாவளியன்று அவன் ஏற்றிக் காட்டிய கோலப் படம், பேத்தி படம் எல்லாம் ஒரே கட்டாக என் கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்தன. எனக்குப் பேச்சு வரவில்லை. "பொங்கல் வச்சிருக்கேன், சாப்பிட்டுப் போ" என்று உள்ளே எழுந்து போய்விட்டேன்.

பிள்ளைகளே, உங்களுக்கு இந்த வாரம் வீட்டுப்பாடம் உண்டு. உங்கள் படங்கள் எந்தச் செயலியில் இருக்கின்றன, எந்த மின்னஞ்சலோடு இணைந்திருக்கின்றன என்று இன்று ராத்திரி பாருங்கள். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள். முக்கியமான படங்களை இரண்டு இடத்தில் வையுங்கள். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி படத்தில் பத்தையாவது ஸ்டுடியோவில் கொடுத்துத் தாளில் எடுங்கள். யாராவது ஏறுகிற கோட்டைக் காட்டிப் பணம் கேட்டால், நேற்று வருகை எவ்வளவு என்று கேளுங்கள்.

கடைசியாக எனக்காக ஒரு வேண்டுகோள். 2014இலிருந்து 2018 வரை நம் பள்ளி ஆண்டு விழாவில் நீங்களோ உங்கள் வீட்டாரோ படம் எடுத்திருந்தால், பழைய போனில், மெமரி கார்டில் தேடிப் பாருங்கள். மேடை ஓரத்தில், பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் சார் நின்றிருப்பார். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள்.

எல்லோரும் நல்லா இருக்கணும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்